மாவிலை கட்டாத பள்ளிக்கூடம்

மதகடிக்குப்பம், பாகூர் கொம்யூன்
1933 அக்டோபர் 2

தம்பி உலகநாதனுக்கு,

உன் அக்கா விருத்தாம்பாள்தான் எழுதுகிறேன். கோழி கிளறிய காகிதமோ என்று தூக்கிப் போட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். மாடு கன்றும் சுகம். நீயும் ஆதிலட்சுமியும் குழந்தையும் சுகமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

தை மாதம் உன் மகள் காதுகுத்தில் நடந்ததை நான் மறந்துவிட்டேன். பொய். மறக்கவில்லை. முதல் நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நீ என் தாவணியைப் பிடித்துக்கொண்டு அழுத கதையை உன் பீரோ ஆபீஸ் பெரியவர்கள் முன்னால் சொன்னது ஒரு குற்றமா? எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் முகம் கறுத்து, "ரெண்டாம் வகுப்பு தாண்டாதவளுக்குச் சபையில இன்னா பேச்சு?" என்றாய். அன்றைக்கு வண்டி ஏறியவள் இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அதுவும் எனக்காக இல்லை, ஊருக்காக. ஆகையால் கோபத்தை ஒரு பக்கமாக எடுத்து வைத்துவிட்டுப் படி. படித்து முடித்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

உலகு, நம் ஊருக்குப் பள்ளிக்கூடம் வரப்போகிறது! இருக்கிறதே என்பாய். இருக்கிறது, ஏரி மதகுக்குக் கீழே பள்ளத்தில், கம்பமும் மண் சுவரும் கூரையுமாக. வாசல் கம்பம் ஒன்று தெற்கே சாய்ந்தால் இன்னொன்று வடக்கே சாய்கிறது, பேச்சு வார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி. மழை பெய்தால் மணவாளன் வாத்தியார் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கரும்பலகையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறார். நாங்கள் கேட்பது கல் கட்டடம். செங்கல், சுண்ணாம்பு, மேலே ஓடு.

பிள்ளை பெற்றவர்கள் அத்தனை பேரும், நம் தெருவும் மாரிமுத்துவின் தெற்குத் தெருவும் சேர்ந்து, பாகூருக்குப் போய் மேரைப் பார்த்தோம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சேர்ந்த கொம்யூனுக்கே தலைவர், எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அடிக்கத்தான் வந்திருக்கிறோம் என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "புதுச்சேரியிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை வந்து பார்ப்பார், அவர் எழுதுவதுதான் எழுத்து" என்றார். அடுத்த வாரமே வருகிறாராம்! நீ அந்தக் கல்வி பீரோவில்தானே குமாஸ்தா. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

இன்னொன்று. கட்டடத்துக்கு மேட்டு நிலம் ஊர்தான் தர வேண்டுமாம். நம் ஊரில் மேடு என்றால் அப்பாவின் களத்துமேடு ஒன்றுதான். பாதி அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது, பாதி உன்னுடையது. என் பாதியை நான் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, "அப்போ நெல்ல எங்க அடிக்கிறது, உன் தலையிலயா?" என்று கேட்டார். "அடிங்க, காலியாத்தான் கிடக்குது" என்றேன். உன் பாதிக்கு நீ என்ன சொல்கிறாய்?

என் பெண் அமுதம் இப்போது இரண்டாம் வகுப்பு. நான் நின்ற அதே இடம். புயலில் கூரை பறந்தபோது என் படிப்பும் அதோடு பறந்தது உனக்குத் தெரியும். ஊர் மறுபடி கூரை போட்டபோது நான் தாவணி போட்டுவிட்டேன். உன்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டேன், உள்ளே எனக்கு இடம் இல்லை. இந்தக் கூரையும் போனால் பையன்கள் பாகூருக்கு நடப்பார்கள். வாய்க்காலையும் கரும்புக் கொல்லையையும் தாண்டிப் பெண்ணை யார் அனுப்புவார்கள்? உன் மாமா இப்போதே, "ரெண்டாவது போதுமே" என்று கனைக்கத் தொடங்கிவிட்டார்.

பதில் போடு. கோபத்தோடு போட்டாலும் சரி.

அக்கா
விருத்தாம்பாள்

*

புதுச்சேரி
1933 அக்டோபர் 6

திருமதி விருத்தாம்பாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம்.

இவ்வாண்டு பாகூர்ப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் வழி உண்டு. ஏரிக்கு அக்கரையில் உள்ள கிராமமும் மனுச் செய்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் பார்வையிட்டு, எது தகுதியானது என்று எழுதுகிறாரோ அதற்குக் கிடைக்கும். வருகிறவர் பெரிய அதிகாரி. மரியாதைக்குக் குறைவு ஏற்படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

களத்துமேடு பற்றி இப்போது சொல்வதற்கு ஒன்றுமில்லை. காதுகுத்து பற்றியும் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ஆ. உலகநாதன்

*

மதகடிக்குப்பம்
1933 அக்டோபர் 13

திருவாளர் தம்பி அவர்களுக்குத் தமக்கை எழுதுவது.

தாங்களாமே, தாங்கள்! தூங்கும்போது என் தோளெல்லாம் எச்சில் வடித்தவர் தாங்கள்தானே? போகட்டும், இன்றைக்கு எனக்கு யார் மேலும் கோபம் வராது. துரை வந்துவிட்டுப் போனார். மனுஷர் சொக்கிப்போய்விட்டார்!

"மரியாதைக்குக் குறைவு கூடாது" என்று நீ எழுதியதை வாத்தியாரை விட்டுத் தெரு நடுவில் படிக்கச் சொன்னேன். அவ்வளவுதான். மாரிமுத்து பழைய கூரையைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதுக் கீற்று வைத்து, அதன் மேல் விழல் போட்டு வேய்ந்தார். அவர் மகனும் அமுதத்தோடுதான் படிக்கிறான். பெண்கள் நாங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், தரையை மெழுகினோம், எரு முட்டை தட்டிய சுவர் என்று யாரும் சொல்ல முடியாதபடி காவி இழுத்தோம். நடுக் கம்பத்தைக் கரையான் தின்றிருந்ததா, அதற்கு எதிர்வீட்டுத் தையலம்மாள் தன் கூறைப் புடவையைக் கொண்டுவந்து சுற்றினாள். "நீதான் அதுக்குள்ள புக மாட்டே, கம்பமாவது கட்டிக்கட்டும்" என்றேன். துடைப்பத்தோடு துரத்தினாள். சாய்ந்த கம்பங்கள் இரண்டிலும் குலை தள்ளிய வாழை. உத்தரத்தில் விரிசல் தெரியாமல் வேட்டிகளை விரித்து விதானம். தரையில் அந்தப் பெருச்சாளி வளை இருக்கிறதே, அதன் மேல் பாயைப் போட்டு, பாய் மேல் மாரிமுத்துவை நிறுத்திவிட்டோம். துரை இருந்த நேரம் முழுக்க மனுஷன் அசையவில்லை. துரை அவரைத்தான் வாத்தியார் என்று நினைத்துக் கை கொடுத்தார்!

வாசலில், உள்ளே, வண்டிப்பாதையில், எங்கு பார்த்தாலும் மாவிலைத் தோரணம். இன்றைக்கு ஊரில் ஒரு மாமரத்திலும் கைக்கு எட்டுகிற உயரத்தில் இலை கிடையாது.

பிள்ளைகள் "போன்ழூர் முசியே" என்று பிரெஞ்சு வணக்கம் பாடி எழுந்தார்கள். காலையிலிருந்து மாட்டுக்கும் நாய்க்கும் சொல்லிப் பழகியது. அமுதம் மாலை போட்டாள். துரை இளநீர் குடித்தார். என் அதிரசத்தைத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். மீசையெல்லாம் வெல்லம். "துரைக்கு ரொம்பத் திருப்தி" என்று கூட வந்த பிரெஞ்சு தெரிந்தவர் சொன்னார்.

அக்கரை ஊரில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை! ஒழுகல் சுவரையும் ஓட்டைக் கூரையையும் வெட்கம் இல்லாமல் அப்படியே காட்டினார்களாம். தையலம்மாளுக்கு அங்கேதான் பிறந்த வீடு. இரண்டு நாளாக வெளியே தலை காட்டவில்லை.

கட்டடம் நமக்குத்தான். களத்துமேட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அக்கா

*

புதுச்சேரி
1933 அக்டோபர் 19

அக்கா,

இன்னா காரியம் பண்ணி வைத்திருக்கிறாய்!

துரையின் அறிக்கை நகல் எடுக்க என் மேசைக்கே வந்தது. பிரெஞ்சில் உள்ளதை அப்படியே தமிழில் தருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. "மதகடிக்குப்பத்துப் பள்ளி தூய்மையும் காற்றோட்டமும் உள்ளது. கூரை புதியது. தூண் பட்டுத் துணியால் அலங்கரிக்கப்பட்டுள்ளது. இந்தக் கொம்யூனில் இவ்வளவு அழகான பள்ளியை நான் கண்டதில்லை. ஆசிரியர் உறுதியாக நிற்பவர். நான் இருந்தவரை இடம் விட்டு நகரவே இல்லை. இங்கே புதுக் கட்டடம் தேவையில்லை. கிராமத்தாருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் அனுப்பலாம்."

கட்டடத்தை அக்கரை ஊருக்கு எழுதியிருக்கிறார்.

அவர் ஓட்டையைப் பார்க்க வந்தவர் அக்கா! நீங்கள் ஊரே சேர்ந்து ஓட்டையை அடைத்து, அதன் மேல் ஆளையும் நிறுத்திவிட்டீர்கள். அறிக்கையை நகல் எடுப்பதற்குள் இரண்டு தாளை மை கொட்டிக் கெடுத்துவிட்டேன்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. டிசம்பரில் பணம் ஒதுக்கும் சபை இங்கே கூடும் வரை முடிவாகாது. மறுபடி பார்க்கச் சொல்லி மேரைக் கொண்டு எழுத வை. நவம்பர் இருபதில் துரை பாகூர் மேர் அலுவலகத்துக்கு வருகிறார். அதுவரை யாரும் எதையும் தொடக் கூடாது. சுண்ணாம்பு வேண்டாம். மெழுக வேண்டாம். ஒரு மாவிலை கூடக் கட்டாதே. பள்ளிக்கூடம் உள்ளபடி இருக்கட்டும், மழை பார்த்துக்கொள்ளும்.

உலகநாதன்

"மரியாதை" என்று எழுதியவன் நான்தான். அதை நீ சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

*

மதகடிக்குப்பம்
1933 நவம்பர் 3

உலகு,

சுட்டிக்காட்டாமல் விடுவேனா? மரியாதை, மரியாதை, மரியாதை! மூன்று தரம் சொல்லிவிட்டேன், இப்போதுதான் மனசு ஆறியது. நீ தாங்கள் என்பதை விட்டுவிட்டுத் திட்டியதில் எனக்குப் பாதித் துக்கம் போய்விட்டது.

கடிதத்தை ஊரில் படித்தபோது எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் வாத்தியார், "இருவது வருஷமா நிக்கிறேன், பாராட்டு மாரிமுத்துக்குப் போச்சே" என்றார். அதில் சிரிப்பு கிளம்பியது. தையலம்மாள் மட்டும் கம்பத்திலிருந்து தன் புடவையை அவிழ்த்துக்கொண்டு போனாள். பாதிப் புடவையைக் கரையான் தின்றுவிட்டது.

மேர் மறு பார்வைக்கு எழுதிவிட்டார். அவர் அலுவலகத்து வாசலில் நாங்கள் பெண்களெல்லாம் போய் உட்கார்ந்து வெற்றிலை போட்டோம். துப்ப இடம் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். புதுசாக வெள்ளையடித்த சுவர் பாவம். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது கேள் கொடுமையை. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லார் வீடும் ஒழுகுகிறது, என் வீட்டில் சோற்றுப் பானைக்குள் ஒழுகுகிறது. பள்ளிக்கூடம் ஒரு சொட்டு ஒழுகவில்லை! மாரிமுத்து வேய்ந்த கூரை அப்படி. மழைக்கு ஒதுங்க ஊரே அங்குதான் போகிறது. பிள்ளைகள் நனையாமல் படிக்கிறார்கள், நாங்கள் வெளியே நனைந்துகொண்டே, ஒழுகாதா ஒழுகாதா என்று பார்க்கிறோம்.

உன் மாமா, "நாலு கீத்த உருவி விட்டா ஆச்சு" என்றார். மாரிமுத்து எழுந்துவிட்டார். "நான் வேஞ்ச கூரைய நானே பிடுங்கணுமா? அதுக்கு என் கைய வெட்டிப் போட்டுடலாம்" என்று. வாத்தியாரும், "பொய்யா ஒட்டினதுக்கே இந்தப் பாடு. பொய்யா கிழிச்சா இன்னா பாடு படணுமோ" என்றார். அதுவும் சரிதான்.

ஆனால் உலகு, கம்பம் உள்ளுக்குள் மாவாகிவிட்டது. நான் விரல் விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. கூரை நல்ல கனம். நல்ல காற்று ஒன்று அடித்தால் அத்தனையும் பிள்ளைகள் மேல்தான். அமுதம் அந்தக் கம்பத்தடியில்தான் உட்காருகிறாள், அங்கே உட்கார்ந்தால்தான் பலகை நன்றாகத் தெரிகிறதாம். நான் இரவெல்லாம் காற்றைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். பகலில் எல்லோரையும் கேலி பண்ணிக்கொண்டு திரிகிறேன். இரண்டும் நான்தான்.

அக்கா

*

புதுச்சேரி
1933 நவம்பர் 9

அக்கா,

கூரையைத் தொடாதே. வாத்தியார் சொன்னது சரி. அமுதத்தைக் கம்பத்தடியில் உட்கார வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பலகை தெரியாவிட்டால் பலகையை அவள் பக்கம் நகர்த்தச் சொல்.

இன்ஸ்பெக்டரோடு வழக்கமாக வரும் மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். இருபதாம் தேதி என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு சிக்கல். பாகூரைத் தாண்டினால் சாலையே தண்ணீர் என்கிறார்கள். துரையின் மோட்டார் பாகூர் வரைக்கும் வந்தால் அதிகம். மேரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. போன வாரம் உங்களுக்கு அனுப்பிய பாராட்டுப் பத்திரத்தின் நகலை மேரே எடுத்து நீட்டினால் நான் என்ன செய்வேன்?

நான் அரசாங்கத்து ஆளாக வருகிறேன். அங்கே என்னைப் பார்த்தால் தம்பி, உலகு என்று கூப்பிட்டுவிடாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உலகநாதன்

*

மதகடிக்குப்பம்
1933 நவம்பர் 17

உலகு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து ஆடினால் நான் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்.

ஏரி ரொம்பிவிட்டது! மதகில் ஊற்று எடுத்து, பள்ளிக்கூடத்துத் தரைக்குள்ளேயே தண்ணீர் பொங்கிவிட்டது. மேலே ஒரு சொட்டு இல்லை, கீழே முழங்கால் ஆழம். மாரிமுத்து, "என் கூரை மேல குத்தம் இல்ல, பாத்துக்கோங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீங்கள் அனுப்பிய பாராட்டுப் பத்திரத்தைச் சட்டம் போட்டு உள்ளே மாட்டியிருந்தோம். அதுதான் இப்போது அங்கே முதல் வகுப்பில் மிதக்கிறது.

பள்ளிக்கூடம் நின்றுவிட்டதா என்பாய். நிற்குமா? உன் மாமா வண்டியைக் களத்துமேட்டில் கொண்டுவந்து அவிழ்த்தார், கூண்டு கட்டி. பின்னாலேயே மற்றவர்களும் வண்டியைக் கொண்டுவந்து வரிசையாக அவிழ்த்தார்கள். ஒரு வண்டி முதல் வகுப்பு, ஒரு வண்டி இரண்டாம் வகுப்பு. வாத்தியார் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கிப் பாடம் சொல்கிறார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "ரெண்டாவது போதும்" என்று கனைத்த மனுஷர் நுகத்தடியில் உட்கார்ந்து, பெண் எழுத்துக் கூட்டுவதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று, "வண்டிய எடுக்கணுமே, எப்ப பாடம் முடியும்?" என்று யாரோ கேட்டதற்கு, "என் பொண்ணு இன்னும் முடிக்கல" என்றாரே பார்க்கணும்!

உன் துரையின் மோட்டார் எங்கள் ஊருக்கு வராதா? சரி. வர வேண்டாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாடுகளுக்கு லாடம் பார்க்க வேண்டும், போகிறேன். ஒரு மாவிலையும் கட்டவில்லை.

அக்கா

*

மதகடிக்குப்பம்
1933 நவம்பர் 22

அரசாங்கத்து ஆளுக்கு,

உன் முகம் அன்றைக்குப் போன போக்கை நீ பார்த்திருக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் விடியும் முன்பே வண்டி பூட்டிவிட்டோம். பள்ளிக்கூடத்தை அப்படியே ஏற்றினோம்: பலகை, மணி, பிள்ளைகள், வாத்தியார். சாலையில் தண்ணீர் அச்சாணி வரைக்கும். மோட்டாருக்குத்தான் பயம், மாட்டுக்கு என்ன? வழியெல்லாம் பாடம் நடந்தது. பாகூர் கடைத்தெருவில் சனங்கள் எங்கே திருவிழா என்று கேட்டார்கள். "திருவிழா இல்ல, ரெண்டாம் வகுப்பு" என்றான் மாரிமுத்து மகன்.

மேர் அலுவலகத்து வாசலில் வண்டிகளை வளைத்து நிறுத்தி, அத்தனை பிள்ளைகளும் "போன்ழூர் முசியே" என்று போட்ட சத்தத்தில் மாடிப் புறாவெல்லாம் கிளம்பின. ஜன்னலில் துரை தலை. பக்கத்தில் உன் தலை. துரை வாய் திறந்தது. உன் வாய் அதைவிடப் பெரிதாய்த் திறந்தது. நான் உன்னைக் கூப்பிட்டேனா? கூப்பிடவில்லை. வேற்று மனுஷன் மாதிரி கும்பிட்டேன். தையலம்மாள்தான், "எப்பா உலகு, இளைச்சுப் போயிட்டியே!" என்று கத்தினாள். அவளுக்கு நான் பொறுப்பில்லை.

துரை இறங்கி வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார், அதிரசம் தின்ற வாய் மறக்குமா? "நான் பார்த்த அந்த அழகான பள்ளிக்கூடம் எங்கே?" என்று கேட்டதாய் நீ சொன்னாய். நான் சொன்னேன்: "அன்னிக்கு நீங்க விருந்தாளி. விருந்தாளிக்குக் கிழிசலக் காட்டுறது எங்க ஊர்ல வழக்கம் இல்ல. ரெண்டாந்தடவ வர்றவங்க வூட்டு மனுஷங்க. வாங்க, ஓட்டையும் ஒடசலும் எல்லாத்தயும் காட்டுறோம்." நீ அதைப் பிரெஞ்சில் சொன்னாய். துரை சிரிக்கவே இல்லை.

அப்புறம் என்னமோ கேட்டார். நீ என்னைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, என்னமோ நீளமாகச் சொன்னாய். உடனே மனுஷர் ஒரு சிரிப்பு சிரித்துத் தொப்பியைக் கழற்றி எனக்குத் தலை குனிந்தாரே! எனக்கு! தையலம்மாள் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நீ என்னடா சொன்னாய்?

அவர் உன் மாமா வண்டியில் ஏறி நம் ஊருக்கு வந்ததும், நீ பூட்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அமுதம் பக்கத்தில் குந்தியதும், அவள் உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. துரை கைத்தடியால் நடுக் கம்பத்தைக் குத்தியதும் தடி அந்தப் பக்கம் வந்தது. உருவக் கூட முடியவில்லை. அப்புறம் தண்ணீருக்குள் இரண்டு அடி வைத்தார், மாரிமுத்து, "தொர, அங்க வேணாம், அது நான் நின்ன எடம்!" என்று கத்துவதற்குள் பெருச்சாளி வளைக்குள் ஒரு கால் போய்விட்டது. பூட்ஸ் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நீங்கள் போனபிறகு தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் எடுத்து அனுப்புகிறோம் என்று சொல்.

நீங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போன பிறகு தையலம்மாள் தன் மடியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கொத்து மாவிலை. "மனசு கேக்கலடி, ஒருவேள தேவப்பட்டா" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையும் வந்துவிட்டது.

துரை என்ன எழுதினார்? நீ என்ன சொன்னாய்? இரண்டுக்கும் பதில் வேண்டும். முதலாவதற்கு முதலில்.

அக்கா

*

புதுச்சேரி
1933 டிசம்பர் 18

அக்கா,

சபை கூடி முடியும் வரைக்கும் எழுதக் கூடாது என்று இருந்தேன். வாயைத் திறந்தால் கெட்டுவிடுமோ என்று பயம். ஆதிலட்சுமி தினமும், "அண்ணி கடுதாசிக்குப் பதில் போடலையா?" என்று கேட்டாள். இன்று மத்தியானம் முடிந்தது. பீரோவிலிருந்து நடந்து வரவில்லை, ஓடி வந்தேன்.

கட்டடம் நமக்கு! செங்கல், சுண்ணாம்பு, மேலே ஓடு. தைப் பொங்கல் கழித்து அடிக்கல்.

அக்கரை ஊரை நினைத்துத் தையலம்மாள் வருத்தப்படுவாள். துரை இரண்டு ஊரையும் எழுதியிருந்தார். மேட்டு நிலம் தயாராக இருப்பது நம் ஊரில் என்பதால் இந்த ஆண்டு நமக்கு, அடுத்த ஆண்டு அவர்களுக்கு. அதுவரைக்கும் அவர்கள் பிள்ளைகள் நனையாமல் இருக்க, மாரிமுத்துவைக் கேட்டு அந்த ஊர்க் கூரையை வேய்ந்து கொடுக்கச் சொல். ஆனால் வாழை கட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பு.

மேட்டு நிலம் எப்படித் தயாரானது என்று கேட்பாய். அன்று சாயங்காலமே பாகூரில் மேர் முன்னால் என் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மோட்டார் ஏறினேன். இனி மாமா நெல்லடிக்க இடம் கேட்டால் உன் தலையையே காட்டு.

உன் இரண்டாவது கேள்வி. அன்று நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மீசையில் வெல்லம் என்று முணுமுணுத்தாயே, அதை மட்டும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு துரை கேட்டது, "இந்த அம்மாள் யார்? ஊர்ப் பெரியவரின் மனைவியா?" என்று. நான் சொன்னது இது: "இல்லை ஐயா. என் தமக்கை. இந்தப் பள்ளியின் மாணவி. இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது கூரை பறந்துவிட்டது. புதுக் கூரை போட்டதும் என்னைக் கையைப் பிடித்து அழைத்துவந்து வாசலில் விட்டவர் இவர்தான். நான் உள்ளே போக மாட்டேன் என்று அழுதேன்." அதற்குத்தான் தொப்பியைக் கழற்றினார்.

அழுததையும் நானே சொல்லிவிட்டேன் பார், பெரிய அதிகாரி முன்னாலேயே. அவரும் சிரித்தார். சிரித்தால் ஒன்றும் ஆகவில்லை.

காதுகுத்தில் "சபையில இன்னா பேச்சு?" என்று நான் கேட்டதற்கு நீ அன்று பதில் சொல்லிவிட்டாய், பாகூரில் துரை முன்னால் சபையில் வைத்தே.

அடிக்கல்லுக்கு நாங்கள் மூவரும் முதல் நாளே வந்துவிடுகிறோம். மாமாவை வண்டி அனுப்பச் சொல், இரண்டாம் வகுப்பு வண்டியையே அனுப்பச் சொல். துரையும் வருகிறார். அதிரசம் உண்டா என்று இன்றைக்கே கேட்டுவிட்டார். பூட்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

அக்கா, இந்தத் தடவை மாவிலை கட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் கட்டு. கைக்கு எட்டுகிற இலையெல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதனால் என்ன, நான் வந்து மரம் ஏறுகிறேன். நீ கீழே நின்று கேலி பண்ணு.

உன்
உலகு